கொடைக்கானல் ஏற்றத்தில் சரிந்த ரெயில் அழுத்தம்: ஒரு டீசல் பிக்கப்பின் பழுதைத் தேடிய பதிவு

சித்தப்பாவின் பிக்கப், வாரத்தில் நான்கு நாள் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிச் சென்று, திரும்பும்போது கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றி வரும் வண்டி. 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், காமன் ரெயில் முறை (எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில், அதாவது ரெயிலில், டீசலை உயரழுத்தத்தில் தேக்கி வைப்பது), பிஎஸ் 4 புகை விதிக் காலத்தது, ஓடியது 1,84,000 கிலோமீட்டர். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அதற்கு இரண்டு தொல்லைகள் வந்தன. காலையில் சாவியைத் திருப்பினால் பத்துப் பன்னிரண்டு விநாடி சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆனது. டம்டம் பாறையைத் தாண்டி ஊத்துப் பக்கம் ஏறும்போது, மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் இழுவை குறைந்து, இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும் தற்காப்பு நிலைக்குப் போய் ஊர்ந்தது. ஓரங்கட்டி நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் சற்று தூரம் ஓடும். மறுபடி அதே கதை.

இரண்டு பட்டறைகளில் காட்டியிருந்தார். ஃபில்டரை மாற்றினார்கள், மாற்றமில்லை. பின்பு இரண்டு இடத்திலும் உயரழுத்த பம்ப் தேய்ந்துவிட்டது என்றார்கள். "பம்ப் போச்சுன்னு எல்லாரும் ஒரே வாயா சொல்றாங்கப்பா, கழட்டிப் போட்டா அம்பதாயிரத்துக்குக் குறையாதாம், நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு" என்று சித்தப்பா கேட்டபோது, பம்ப்பின் மேல் பழி போடும் முன் அதற்கு டீசல் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று யாராவது அளந்தார்களா என்றுதான் நான் திருப்பிக் கேட்டேன். யாரும் அளக்கவில்லை. இந்த முழுப் பதிவும் அந்த ஓர் அளவைப் பற்றியது.

இவ்வண்டியின் எரிபொருள் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டேங்க்கினுள் மின்சாரப் பம்ப் எதுவும் இல்லை. உயரழுத்த பம்ப்பின் முதுகிலேயே ஒரு சிறிய கியர் பம்ப் இருக்கிறது. அதுதான் டேங்க்கிலிருந்து டீசலை ஹோஸ் வழியாகவும், கைப்பம்ப் பொருத்திய ஃபில்டர் வழியாகவும் இழுக்கிறது. ஆகவே டேங்க்கிலிருந்து கியர் பம்ப் வரை உள்ள பாதையில் அழுத்தம் என்று ஒன்று கிடையாது. இழுப்பு மட்டுமே உண்டு. கியர் பம்ப்புக்குப் பிறகு ஒரு மீட்டரிங் வால்வு, எவ்வளவு டீசல் பிஸ்டன்களுக்குப் போக வேண்டும் என்பதை இன்ஜினை ஆளும் கணினியான இசியூவின் கட்டளைப்படி அளந்து விடுகிறது. பிஸ்டன்கள் அதை அழுத்தி ரெயிலுக்கு அனுப்புகின்றன. ரெயிலில் ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 300 பார் அளவிலும் (ஒரு பார் ஏறத்தாழக் கடல் மட்டத்துக் காற்றழுத்தம்), முழுச் சுமையில் 1400 பாருக்கு மேலும் அழுத்தம் நிற்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் இன்ஜினைச் சுற்றவிட்டு சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் குழாய் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, பழக்கம். காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஆயிரம் பாரில் பீச்சும் டீசல் தோலையும் கையுறையையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போகவில்லையென்றால் விரலோ கையோ போகும். நான் செய்த வேலையில் உயரழுத்தக் குழாய் எதையும் இன்ஜின் ஓடும்போது தொடவில்லை.

முதல் நாள் காலை, இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, புளூடூத் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பார்த்தேன். பூஜ்யத்தை ஒட்டி நின்றது. சென்சார் கம்பியில் 5 வோல்ட் வருகிறது. திரும்பி வரும் சைகை 0.5 வோல்ட். சென்சாரே பொய் சொல்லுகிறதோ என்ற சந்தேகம் தேடலின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் பார்க்கும் ஒவ்வோர் எண்ணையும் நம்ப முடியாமல் போகும். பிறகு ஸ்டார்ட் செய்தேன். பதினொரு விநாடி சுற்றியது. அதில் ஒன்பது விநாடி வரை அழுத்தம் 60, 70 பாரிலேயே தடுமாறி, 200 பாரைத் தாண்டிய கணத்தில் இன்ஜின் பற்றிக்கொண்டது. குறைந்தபட்ச அழுத்தம் எட்டாமல் இசியூ இன்ஜெக்டரைத் திறக்காது என்பதால், இந்தப் பதினொரு விநாடி பேட்டரியின் குற்றமோ, குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் குற்றமோ இல்லை என்பது உறுதியானது.

ஓடத் தொடங்கிய பின் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஐட்லிங்கில் கேட்ட அழுத்தம் 300, கிடைத்தது 295 முதல் 305 வரை. நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு ஏற்றினாலும் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாகவே நகர்ந்தன. பட்டறைகள் ஏமாந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சுமையில்லாமல் நிற்கும் இன்ஜின் ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டர்கூட எரிக்காது. அதே இன்ஜின் சுமையுடன் மலையேறும்போது பத்து லிட்டருக்கு மேல் கேட்கும். சொட்டு நீருக்கு வழிவிடும் அடைப்பு வாய்க்கால் நீருக்கு வழிவிடாது. ஆகவே அளவை ஏற்றத்தில்தான் எடுக்க வேண்டும்.

அன்று மதியமே ஒரு டன் சரக்குடன் சித்தப்பா ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து பதிவு செய்தேன். காட்ரோடு வரை சமதரையில் எந்தக் குறையும் இல்லை. ஏற்றம் தொடங்கி, மூன்றாம் கியரில் 2400 சுற்றில் முழு மிதியில், இசியூ கேட்டது 1400 பார். கிடைத்தது முதலில் 1380. பிறகு 1250, 1100, 900 என்று ஏழெட்டு விநாடியில் சரிந்து, பி0087 என்ற குறியீடு, அதாவது ரெயில் அழுத்தம் தேவைக்குக் கீழே என்ற குறியீடு, பதிவாகி விளக்கு எரிந்தது. சரிவு நடந்த அந்த விநாடிகளில் மீட்டரிங் வால்வுக்கான கட்டளையையும் பார்த்தேன். இசியூ வால்வை முழுக்கத் திறந்து வைத்திருந்தது. கணினி தன்னால் முடிந்ததைக் கேட்டுவிட்டது, டீசல்தான் வரவில்லை.

வால்வு முழுக்கத் திறந்தும் அழுத்தம் சரிகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வரத்து குறைகிறது, அல்லது வந்தது எங்கோ கசிந்து திரும்பிவிடுகிறது, அல்லது பம்ப் தேய்ந்து அழுத்த மாட்டாமல் நிற்கிறது. மூன்றில் பம்ப்பை மட்டும் நேரடியாகச் சோதிக்கப் பட்டறையில் கருவியில்லை. மற்ற இரண்டையும் விலக்கிய பிறகே அதன் மேல் கை வைக்க முடியும். விலை அதிகமான முடிவு கடைசியில் வர வேண்டியதும் இதனால்தான்.

கசிவை முதலில் பார்த்தேன். நான்கு இன்ஜெக்டர்களிலும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் முனைகளிலிருந்து சிறு குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டேன். கழற்றிய ரிட்டர்ன் லைனின் வாயை அடைத்துவிட்டேன். இரண்டு நிமிட ஐட்லிங்கில் 22, 24, 21, 26 மில்லி லிட்டர் சேர்ந்தது. 2500 சுற்றில் ஒரு நிமிடம் விட்டபோதும் நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறின. ஓர் இன்ஜெக்டர் கெட்டிருந்தால் அதன் பாட்டில் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிறைந்திருக்கும். இந்தச் சோதனையை, மின்காந்தத்தால் திறக்கும் சாலினாய்டு வகை இன்ஜெக்டர்களில் மட்டுமே இப்படித் திறந்த பாட்டிலில் செய்யலாம். மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறக்கும் பியேசோ வகைக்கு ரிட்டர்ன் லைனில் எதிரழுத்தம் தேவை, திறந்துவிட்டால் அவை வேலை செய்யாது. அடுத்து ரெயிலின் முனையில் உள்ள அழுத்த வரம்பு வால்வின் ரிட்டர்ன் குழாயை, இன்ஜினை நிறுத்தி அழுத்தம் இறங்கக் காத்திருந்து கழற்றினேன்; மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்த்ததில் அங்கே ஒரு சொட்டும் வரவில்லை. கசிவு இல்லை.

இரண்டாம் நாள் முழுவதும் வரத்துக்கு. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள ஹோஸை எடுத்துவிட்டு, தெளிவான டீசல் ஹோஸ் ஒன்றைப் போட்டு, நடுவில் மூன்று வாய் கொண்ட டி கனெக்டர் வைத்து, இழுப்பை அளக்கும் வாக்கியூம் கேஜ் மாட்டினேன். கேஜை நீளக் குழாயில் கொண்டுபோய் முன் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினேன். கேபினுக்குள் டீசல் குழாயைக் கொண்டுவருவது சரியில்லை.

இழுப்பை அளக்கும்போது மனத்தில் இருக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. பம்ப் டீசலை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் டேங்க்கில் உள்ள டீசலின் மேல் அமர்ந்திருக்கும் காற்றுதான் அதைத் தள்ளுகிறது. எனவே கிடைக்கக்கூடிய உச்ச வலிமை, அந்த இடத்துக் காற்றழுத்தமே. வத்தலக்குண்டில் அது ஏறத்தாழ 0.97 பார். சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் 0.78 பார் அளவுதான். கீழே தட்டுத் தடுமாறிச் சமாளிக்கும் அடைப்பு மேலே போகப் போகத் தோற்பதற்கு இது போதும். மலை என்றால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும் என்று சொன்னவர்கள் சுமையை மட்டும் நினைத்தார்கள். டீசலைத் தள்ளும் காற்றே அங்கே மெலிந்துவிடுகிறது என்பதை நினைக்கவில்லை. கியர் பம்ப்பின் நுழைவாயிலில் முழு அழுத்தக் கணக்கில், அதாவது அங்குள்ள காற்றழுத்தத்திலிருந்து கேஜ் காட்டும் இழுப்பைக் கழித்தால் எஞ்சுவது, 0.5 பாருக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது நான் கைக்கொள்ளும் எல்லை.

ஐட்லிங்கில் இழுப்பு 0.06 பார். நின்ற இடத்தில் 3000 சுற்றில் 0.15. மறுபடி அதே சுமை, அதே ஏற்றம். முழு மிதியில் முள் 0.2, 0.35 என்று நகர்ந்து, ரெயில் அழுத்தம் சரியத் தொடங்கிய அதே கணத்தில் 0.55-ஐத் தொட்டது. அங்கே காற்றழுத்தம் 0.87 பார் அளவில் இருந்திருக்கும். அப்படியானால் பம்ப்பின் வாயில் எஞ்சியது 0.32 பார் மட்டுமே. அந்த நிலையில் எந்தப் புதுப் பம்ப்பை மாட்டினாலும் இதே சரிவுதான் வந்திருக்கும். வண்டியை ஓரங்கட்டிக் கேஜை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மாட்டினேன்; அடுத்த ஏற்றத்தில் 0.5. ஃபில்டர் தின்பது 0.05 மட்டும், மீதி முழுவதும் ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கத்தில். நல்ல ஃபில்டரை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் பயனில்லாமல் போனதற்கு விடை கிடைத்தது.

தெளிவான ஹோஸ் இன்னொன்றையும் காட்டியது. ஏற்றத்தில் டீசல் நுரை போல வெளுத்து ஓடியது. இதைப் பார்த்தவுடன் ஏர் இழுக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. இழுப்பு மிகும்போது டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து பொடிக் குமிழ்களாக வெளிவரும். ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது, இழுப்பு மிகக் குறைவான நிலையில், பட்டாணி அளவுக் குமிழ்கள் வரிசையாக வந்தன. அது கரைந்த காற்று இல்லை, வெளியிலிருந்து நுழைந்தது. ஒரு வண்டிக்குள் இரண்டு பழுதுகள் இருக்கின்றன என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது.

இரண்டையும் பிரிக்கத் தனிக் கேன் சோதனை செய்தேன். சுத்தமான டீசல் நிரப்பிய 20 லிட்டர் கேனைப் பின்தட்டில் இறுகக் கட்டி, புது ஹோஸில் நேராக ஃபில்டரின் நுழைவுக்கு இணைத்தேன். ரிட்டர்ன் லைனையும் அந்தக் கேனுக்கே திருப்பினேன். அதே ஏற்றத்தில் இழுப்பு 0.14 பாரைத் தாண்டவில்லை. ரெயிலில் கேட்டது 1400, கிடைத்தது 1395. பெருமாள்மலை வரை ஒரு முறைகூட விளக்கு எரியவில்லை. கேன் ஃபில்டரைவிட அரை மீட்டர் உயரத்தில் இருந்ததால் கிடைத்த உதவி 0.04 பார்தான், முடிவை அது மாற்றாது. பம்ப் தேயவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. சித்தப்பா வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கி, கேனையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரவு கேனை இறக்கித் தரையில், ஃபில்டரைவிடத் தாழ்வாக வைத்தேன். உயரத்தில் விட்டிருந்தால் டீசல் தன் எடையாலேயே லைனை நிரப்பி வைத்து, காற்று நுழையும் பழுதை மறைத்துவிடும். மறுநாள் காலையில் கேனிலிருந்தே ஸ்டார்ட் செய்தபோதும் அதே பத்து விநாடி. ஆக, ஏர் இழுக்கும் இடம் டேங்க் பக்கத்தில் இல்லை; ஃபில்டரிலிருந்து பம்ப் வரை உள்ள ஒரு முழ நீளத்துக்குள் இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கைப்பம்ப்பை அமுக்கினால் மெத்தென்று இறங்கியது. இருபது முறை அமுக்கியதும் இறுகியது. அப்போது ஸ்டார்ட் செய்தால் இரண்டே விநாடி.

இழுப்புப் பக்கத்தில் ஏர் நுழையும் ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் இன்ஜினை நிறுத்தி, ஃபில்டரின் நுழைவு ஹோஸ் வழியாகச் சைக்கிள் பம்ப்பால் 0.5 பார் மட்டும் காற்றழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவினேன். கிளிப்புகள் எல்லாம் சுத்தம். ஃபில்டரின் அடியில் மாட்டியிருக்கும் தண்ணீர் சென்சாரைச் சுற்றி மட்டும் டீசல் மெல்ல ஊறி, நுரை கட்டியது. ஃபில்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரிலிருந்து இந்தச் சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்டுகிறார்கள். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ ரிங்கை மாற்றுவதில்லை. கழற்றிப் பார்த்தபோது ஓ ரிங் தட்டையாகி, ஓரிடத்தில் நகம் பட்டது போல வெட்டுப்பட்டிருந்தது. டீசலைத் தாங்கும் வகையில் அதே அளவு ஓ ரிங் வாங்கி, டீசல் தொட்டு மாட்டினேன். பதினைந்து ரூபாய்.

மூன்றாம் நாள் மதியம் டேங்க்கை இறக்கினோம். இழுக்கும் குழாயின் வலையில் கறுத்த வழுவழுப்பான படலம் இருந்தது. டேங்க்கின் அடியில் தேங்கும் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாவது அது. கொடைக்கானலின் குளிரில் பாதி காலியாக இரவு நிற்கும் டேங்க்கில் ஈரம் பனித்துத் தண்ணீர் சேர்வது இயல்பு. ஆனால் வலை பாதிக்கும் மேல் திறந்தே இருந்தது, 0.5 பார் அடைப்புக்கு அது மட்டும் போதாது என்று தோன்றியது. டேங்க்கின் வாயிலிருந்து சேஸிஸின் இரும்புக் குழாய்க்குப் போகும் ஒரு முழ ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் தாராளமாகக் காற்று போனது. டேங்க் பக்கமிருந்து, அதாவது டீசல் ஓடும் திசையில், மெதுவாக ஊதினால் போனது. பலமாக ஊதினால் அடைத்துக்கொண்டது.

பிளேடால் நீளவாக்கில் கிழித்தோம். சில ஆண்டுகளுக்கு முன் மாற்றப்பட்ட அந்த ஹோஸ், டீசலுக்கான ரகமே இல்லை. உள் ரப்பர் உப்பி, பின்னலிலிருந்து பிரிந்து, நாக்குப் போல ஒரு மடிப்பு எழுந்து நின்றது. மெதுவான ஓட்டத்தில் அது படிந்து கிடக்கும். ஓட்டம் மிகுந்தால் நிமிர்ந்து பாதையை மூடும். சமதரையில் நன்றாக ஓடி ஏற்றத்தில் மட்டும் திணறியதும், அணைத்துப் போட்டால் சிறிது தூரம் தேறியதும், ஏதோ அடைத்திருக்கிறது என்று காற்றடித்துப் பார்த்தவர்களுக்கு லைன் சுத்தம் என்று தோன்றியதும் இந்த நாக்கினால்தான். லைனை ஊதிச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜின் பக்கத்திலிருந்து டேங்க்கை நோக்கித்தான் ஊதுகிறார்கள். டீசல் ஓடும் திசையிலும் ஊதிப் பார்க்க வேண்டும்.

டீசலுக்கென்றே வரும் ஹோஸை இரண்டு மீட்டர் வாங்கி, டேங்க்கிலிருந்து ஃபில்டர் வரை ரப்பர் உள்ள எல்லா இடத்திலும் மாற்றினேன். டேங்க்கைக் கழுவிக் காயவைத்தோம். புது ஃபில்டர் போட்டுக் கைப்பம்ப்பால் ஏர் எடுத்தோம். இவற்றையெல்லாம் மாட்டும் முன் ஒரு வேலையை மட்டும் விட மனம் வரவில்லை. உயரழுத்த பம்ப்புக்கு மசகு டீசல்தான். வாரக்கணக்கில் டீசலுக்கு ஏங்கி ஓடிய பம்ப் உள்ளே உரசியிருக்கக்கூடும். அதனால் சுற்றிலும் துடைத்துச் சுத்தம் செய்து, மீட்டரிங் வால்வைக் கழற்றி அதன் வலையையும் குழியையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கழற்றிய ஃபில்டரையும் அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பிடித்தேன். மினுக்கும் உலோகத் தூள் எங்கும் இல்லை. இருந்திருந்தால் ரெயில், இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டி வந்திருக்கும். செலவு லட்சத்தைத் தொட்டிருக்கும்.

மறுநாள் காலை இரண்டு விநாடியில் ஸ்டார்ட் ஆனது; ரெயில் அழுத்தம் ஒரே மூச்சில் 250 பாருக்கு ஏறியது. அதே ஒரு டன் சுமையுடன் டம்டம் பாறை ஏற்றத்தில் இழுப்பு 0.13, பெருமாள்மலையில் 0.14, வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போது 0.14. கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்ததற்கும் இடையே 15 பாருக்கு மேல் வேறுபாடு வரவில்லை. ஹோஸ், கிளிப், ஃபில்டர், ஓ ரிங் எல்லாம் சேர்த்துச் செலவு இரண்டாயிரத்துக்குள் அடங்கியது.

கேஜைக் கழற்றினாலும் டி கனெக்டரை மூடியிட்டு அங்கேயே விட்டிருக்கிறேன். 4,000 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி மாட்டிப் பார்த்தபோது, அதே வளைவில், அதே கியரில், முள் 0.15-இல் நின்றது. அந்த எண்ணையும் தேதியையும் சித்தப்பா வண்டியின் சர்வீஸ் நோட்டில் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.